இருப்புப்பாதை ஈன்ற ஊர்கள்: வட அமெரிக்கப் பெருஞ்சமவெளியில் பாழ்பட்ட வேளாண் குடியிருப்புகள்

ஆய்வுச் சுருக்கம்

வட அமெரிக்காவின் பெருஞ்சமவெளியில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் எண்ணற்ற வேளாண் ஊர்கள் தோன்றின. அவற்றுள் பல ஓரிரு தலைமுறைக்குள்ளாகவே மக்களை இழந்து பாழ்பட்டன. இவ்வீழ்ச்சிக்கு 1930களின் வறட்சியையும் புழுதிப்புயலையும் காரணமாகக் கூறுவதே பொதுவழக்கு. நிலப்பங்கீட்டுச் சட்டங்கள், இருப்புப்பாதை நிறுவனங்களின் ஊரமைப்பு முறை, வேளாண் இயந்திரமயமாக்கம், சாலைப் போக்குவரத்து ஆகியவற்றை ஒருங்கே நோக்கும்போது, வறட்சி அவ்வூர்களின் வீழ்ச்சியை விரைவுபடுத்திய காரணங்களுள் ஒன்றே என்பதும், வீழ்ச்சிக்கான வித்து ஊர்கள் அமைக்கப்பட்ட முறையிலேயே இருந்தது என்பதும் புலனாகின்றன. இதனை நெப்ராசுகா, கான்சசு, வடக்கு டகோட்டா, சசுகாச்சுவான், ஆல்பர்ட்டா ஆகிய பகுதிகளின் சான்றுகளைக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: பெருஞ்சமவெளி, பாழூர், குடியமர்வுச் சட்டம், இருப்புப்பாதை, தானியக் கிடங்கு, நிக்கோடிமசு, மோனோவி, புழுதிப்புயல்.

முன்னுரை

மக்கள் வாழ்ந்து நீங்கிய ஊரை ஆங்கில வழக்கு ‘கோஸ்ட் டவுன்’ என்று குறிக்கிறது. இதனைப் ‘பேய் நகரம்’ எனச் சொல்லுக்குச் சொல் பெயர்ப்பதில் இரு இடர்ப்பாடுகள் உள்ளன. முதலாவது, அச்சொல் அச்சத்தையும் வியப்பையும் முன்னிறுத்தி, ஊர் நீங்கியதற்கான சமூகக் காரணத்தை மறைத்துவிடுகிறது. இரண்டாவது, பெருஞ்சமவெளியில் நீங்கப்பட்ட குடியிருப்புகளுள் மிகப் பல நகரம் என்னும் நிலையை ஒருபோதும் எட்டாதவை. ஒரு தானியக் கிடங்கு, ஒரு கடை, ஓர் அஞ்சலகம், ஒரு பள்ளி, ஒரு தேவாலயம், சில வீடுகள் ஆகியவையே அவற்றின் முழு உடைமை. தமிழில் ‘பாழ்’ என்னும் சொல் வெறுமையையும் பயனற்றுப்போன நிலையையும் ஒருங்கே சுட்டும் பழஞ்சொல். பாழடைந்த மன்றங்களும் பொதியில்களும் சங்கப் பாடல்களிலேயே காட்சிப்படுகின்றன. எனவே ‘பாழூர்’ என்னும் ஆட்சி இக்கட்டுரையில் மேற்கொள்ளப்படுகிறது.

பாழூர்கள் இருவகையின. கொலராடோ, நெவாடா போன்ற மலைப்பகுதிகளில் தங்கமும் வெள்ளியும் தீர்ந்தவுடன் கைவிடப்பட்ட சுரங்க ஊர்கள் ஒருவகை. அவற்றின் முடிவு திடீரெனவும் முழுமையாகவும் நிகழ்ந்தது. சமவெளியின் வேளாண் ஊர்கள் மற்றொருவகை. இவற்றைச் சுற்றியுள்ள நிலம் இன்றும் விளைகிறது; கோதுமை இன்றும் அறுவடையாகிறது; ஊர் மட்டும் இல்லை. விளைநிலம் இருக்க ஊர் ஏன் மறைந்தது என்பதே விடை காணவேண்டிய வினா.

1. நிலமும் மழையும்

ராக்கி மலைத்தொடரின் கீழ்ச்சரிவிலிருந்து கிழக்கு நோக்கிப் பரந்து கிடக்கும் புல்வெளியே பெருஞ்சமவெளி. வடக்கே கனடாவின் ஆல்பர்ட்டா, சசுகாச்சுவான், மானிட்டோபா மாகாணங்களிலிருந்து தெற்கே டெக்சசு வரை அது நீள்கிறது. இந்நிலப்பரப்பின் வேளாண் வரலாற்றில் 100ஆம் மேற்குத் தீர்க்கக்கோடு சிறப்பிடம் பெறுகிறது. ஏறத்தாழ அக்கோட்டுக்கு மேற்கே ஆண்டு மழையளவு 20 அங்குலத்துக்கு, அதாவது ஏறக்குறைய 500 மில்லிமீட்டருக்குக் கீழே இறங்குகிறது. பாசனமின்றிப் பயிரிடுவதற்கு அதுவே எல்லை எனக் கருதப்பட்டது. சராசரியைவிட மழையின் ஏற்ற இறக்கமே இங்குக் கடுமையானது. நான்கைந்து நல்ல ஆண்டுகளைத் தொடர்ந்து அதே அளவு வறண்ட ஆண்டுகள் வருதல் இயல்பு.

இவ்வுண்மை குடியேற்றத்துக்கு முன்பே அறியப்பட்டிருந்தது. 1820இல் இப்பகுதியைக் கடந்த ஸ்டீபன் லாங் தலைமையிலான ஆய்வுக்குழு இதனைப் ‘பெரும் அமெரிக்கப் பாலைவனம்’ எனக் குறித்தது. 1857 முதல் 1860 வரை கனடாவின் சமவெளியை ஆய்ந்த ஜான் பல்லிசர், அதன் தென்பகுதியில் முக்கோண வடிவான வறள்நிலம் ஒன்றை அடையாளங்கண்டு, அது உழவுக்கு ஏற்றதன்று என்றார். அப்பகுதி இன்றும் ‘பல்லிசர் முக்கோணம்’ என்றே வழங்குகிறது. 1878இல் ஜான் வெஸ்லி பவல் அமெரிக்க அரசுக்கு அளித்த வறள்நில அறிக்கை இன்னும் தெளிவானது. பாசனம் உள்ள இடத்தில் 80 ஏக்கர் ஒரு குடும்பத்துக்குப் போதும். மேய்ச்சல் நிலமாயின் 2,560 ஏக்கராவது வேண்டும் என்று அவர் கணக்கிட்டார். நிலத்தைச் சதுரங்களாக வெட்டாமல் நீர்நிலைகளை ஒட்டிப் பிரிக்கவேண்டும் என்பதும் அவர்தம் பரிந்துரை. அது ஏற்கப்படவில்லை.

2. நிலப்பங்கீட்டுச் சட்டங்கள்

1862 மே 20 அன்று ஆபிரகாம் லிங்கன் கையொப்பமிட்ட குடியமர்வுச் சட்டம், ஐந்தாண்டுகள் தங்கிப் பயிரிட்டு வீடமைப்பவருக்கு 160 ஏக்கர் நிலத்தைச் சிறு கட்டணத்தில் உரிமையாக்கியது. கனடாவில் 1872இல் இயற்றப்பட்ட தொமினியன் நிலச்சட்டமும் அதே 160 ஏக்கரை 10 டாலர் கட்டணத்தில் வழங்கியது. அமெரிக்கச் சட்டத்தின்கீழ் மொத்தம் ஏறத்தாழ 16 இலட்சம் குடும்பங்கள் நிலவுரிமை பெற்றன.

160 ஏக்கர் என்னும் அளவு மழைவளம் மிக்க கிழக்குப் பகுதியின் பட்டறிவிலிருந்து பிறந்தது. ஒகையோவிலோ இலினாயிலோ அவ்வளவு நிலம் ஒரு குடும்பத்தைச் செழிக்கச் செய்யும். 100ஆம் தீர்க்கக்கோட்டுக்கு மேற்கே அதே பரப்பு நல்ல ஆண்டுகளில் மட்டும் சோறிட்டு, வறண்ட ஆண்டில் கடனில் ஆழ்த்திற்று. சட்டமியற்றியோர் இதனைப் படிப்படியாக உணர்ந்தனர் என்பதைப் பிற்காலச் சட்டங்கள் காட்டுகின்றன. 1904ஆம் ஆண்டின் கின்கேடு சட்டம் மேற்கு நெப்ராசுகாவில் பங்கீட்டளவை 640 ஏக்கராக உயர்த்தியது. 1909ஆம் ஆண்டுச் சட்டம் பிற வறள்நிலப் பகுதிகளில் அதனை 320 ஏக்கராக்கியது. எனினும் இரண்டுமே பவல் கணக்கிட்ட மேய்ச்சல்நில அளவைவிட மிகக் குறைவானவை.

சிறுநிலப் பங்கீட்டுக்கு அறிவியல் போர்வையும் கிடைத்தது. உழவு பெருகப் பெருக மழையும் பெருகும் என்னும் கொள்கை 1870களிலும் 1880களிலும் பரப்பப்பட்டது. நெப்ராசுகா பல்கலைக்கழகப் பேராசிரியர் சாமுவேல் ஆகி, உழுத நிலம் நீரை உறிஞ்சி மீண்டும் காற்றில் கலக்கச் செய்வதால் மழை மிகும் என விளக்கினார். நிலவணிகரும் எழுத்தாளருமான சார்லசு டானா வில்பர் 1881இல் வெளியிட்ட நூலில், ஏரின்பின் மழை வரும் எனச் சுருங்கக் கூறி அதனை முழக்கமாக்கினார். அவ்வாண்டுகளில் தற்செயலாக மழையும் மிகுந்திருந்தமையால் கொள்கை மெய்ப்பிக்கப்பட்டதுபோலத் தோன்றிற்று. 1890களின் வறட்சி அதனைப் பொய்யாக்கியது. மேற்குக் கான்சசிலிருந்தும் நெப்ராசுகாவிலிருந்தும் குடும்பங்கள் திரளாக வெளியேறின. 1930களுக்கு ஒரு தலைமுறைக்கு முன்பே நிகழ்ந்த முதற் பெரும் வெளியேற்றம் இது.

3. குடியேற்றத்துக்கு முந்தைய பாழூர்கள்

பாழூர்களின் வரலாற்றை 1862இலிருந்து தொடங்குவது பொருந்தாது. மிசௌரி ஆற்றங்கரையில் மண்டான், இடாட்சா, அரிக்கரா மக்கள் மண்வீடுகளால் ஆன ஊர்களில் வாழ்ந்து, மக்காச்சோளமும் அவரையும் பூசணியும் பயிரிட்டனர். சமவெளியின் மூத்த வேளாண் ஊர்கள் இவையே. 1780களின் தொடக்கத்திலும் 1837இலும் பரவிய பெரியம்மை இவ்வூர்களை அழித்தது. எஞ்சியோர் 1845இல் ஒருங்குகூடி ‘மீன்தூண்டில் ஊர்’ எனப் பொருள்படும் புதிய ஊரொன்றை அமைத்தனர். 1880களில் அதுவும் கைவிடப்பட்டது. வடக்கு டகோட்டாவில் கத்தியாற்றங்கரை ஊர்களின் வட்டக் குழிகள் இன்றும் காணத்தக்கன. அவ்விடம் 1974இல் தேசிய வரலாற்றுத் தலமாக்கப்பட்டது.

பழங்குடி மக்களின் நிலம் குடியேறியோருக்குப் பங்கிடத்தக்க ‘வெற்றுநிலம்’ ஆனது தானே நிகழ்ந்ததன்று. கோடிக்கணக்கில் இருந்த காட்டெருமைகள் 1880களின் இறுதிக்குள் சில நூறுகளாகக் குறைக்கப்பட்டன. 1887ஆம் ஆண்டின் டாஸ் சட்டம் பழங்குடியினரின் பொதுநிலத்தைத் தனிப்பங்குகளாக்கி எஞ்சியதைப் பிறருக்குத் திறந்துவிட்டது. அவ்வாண்டில் ஏறத்தாழ 13.8 கோடி ஏக்கராக இருந்த அவர்தம் நிலம் 1934இல் 4.8 கோடி ஏக்கராகச் சுருங்கியது. கனடாவில் 1870களில் கையொப்பமான 4, 6, 7ஆம் எண் உடன்படிக்கைகள் அதே பணியைச் செய்தன.

இருபதாம் நூற்றாண்டிலும் இது தொடர்ந்தது. மிசௌரி ஆற்றின் குறுக்கே கட்டப்பட்டு 1953இல் நீர் தேங்கத் தொடங்கிய கேரிசன் அணை, பெர்த்தோல்டு கோட்டை ஒதுக்கீட்டுப் பகுதியின் வளமான ஆற்றுப்படுகையை மூழ்கடித்தது. அதன் நிருவாகத் தலைமையிடமான எல்புவுட்சு ஊர் நீருக்கடியில் சென்றது. முன்னர்ப் பெரியம்மையால் ஊரிழந்தோரின் வழித்தோன்றல்களே இம்முறையும் ஊரிழந்தனர். சமவெளிப் பாழூர்களைப் பற்றிய பொதுநினைவில் மரவீடுகளும் கிடங்குகளும் இடம்பெறும் அளவுக்கு இவ்வூர்கள் இடம்பெறுவதில்லை.

4. இருப்புப்பாதையும் ஊர்களின் பிறப்பும்

உலகின் பெரும்பாலான வேளாண் ஊர்கள் நீர்நிலை, வழித்தடம், சந்தை, கோயில் ஆகியவற்றைச் சார்ந்து மெல்ல வளர்ந்தவை. பெருஞ்சமவெளி ஊர்களோ பெரும்பாலும் இருப்புப்பாதை நிறுவன அலுவலகத்தில் வரைபடமாகப் பிறந்தவை. பாதை அமைப்பதற்கு ஊக்கமாக நிறுவனங்களுக்கு அரசு பெருநிலங்களை வழங்கியது. வடக்குப் பசிபிக் நிறுவனம் ஏறத்தாழ 4 கோடி ஏக்கர் பெற்றது. கனடியப் பசிபிக் நிறுவனத்துக்கு 1881இல் 2.5 கோடி ஏக்கரும் 2.5 கோடி டாலரும் உறுதியளிக்கப்பட்டன. நிலத்தை விற்கவும், பின்னர் அந்நிலம் விளைத்த தானியத்தை ஏற்றிச் செல்லவும் நிறுவனங்களுக்கு ஊர்கள் தேவைப்பட்டன.

ஊர்களுக்கிடையே உள்ள தொலைவு குதிரைவண்டியால் முடிவுசெய்யப்பட்டது. தானியம் ஏற்றிய வண்டியுடன் காலையில் புறப்படும் உழவர் மாலைக்குள் வீடு திரும்பவேண்டும். அதற்கேற்ப ஏறத்தாழ 7 முதல் 10 மைல் இடைவெளியில் நிலையங்கள் அமைந்தன. ஒவ்வொரு நிலையத்திலும் தானியத்தை இயந்திர வாளிகளால் மேலேற்றிச் சேமித்து, பின்னர்ச் சரக்குப்பெட்டியில் இறக்கும் உயர்ந்த மரக்கிடங்கு ஒன்று எழுப்பப்பட்டது. ‘எலிவேட்டர்’ எனப்படும் இக்கிடங்கே ஊரின் உயிர்நிலை. பாதைக்குக் குத்துக்கோடாக ஒரு கடைத்தெரு, அதன் முனையில் நிலையம் என ‘T’ வடிவ அமைப்பு ஊருக்கு ஊர் திரும்பத் திரும்ப வந்தது. புவியியலாளர் ஜான் அட்சன் 1985இல் வெளியிட்ட சமவெளி ஊர்கள் பற்றிய நூல் இவ்வமைப்பை விரிவாக ஆராய்கிறது.

ஊர்ப்பெயர்களே இம்முறையின் சான்று. நெப்ராசுகாவில் பர்லிங்டன் பாதையில் மேற்கு நோக்கிச் சென்றால் கிரீட், டார்செஸ்டர், எக்சிட்டர், ஃபேர்மான்ட், கிராஃப்டன், ஆர்வர்டு, இன்லாண்டு, ஜூனியாட்டா, கெனசா, லோவல் என ஆங்கில அகரவரிசையில் ஊர்கள் தொடர்கின்றன. கனடாவில் கிராண்டு டிரங்கு பசிபிக் பாதையும் இம்முறையைப் பின்பற்றியது. ஊருக்குப் பெயர் வைத்தது அங்கு வாழ்ந்த மக்கள் அல்லர். பெயர் வைக்கப்பட்டபோது அங்கு மக்களே இல்லை.

இவ்வாறு அமைந்த ஊர் மூன்றினைச் சார்ந்து நின்றது: சுற்றிலும் நெருக்கமாக வாழும் சிறுநில உழவர் குடும்பங்கள், குதிரைவண்டியின் வேகம், இருப்புப்பாதையின் சேவை. இம்மூன்றுள் எதுவும் ஊராரின் கட்டுப்பாட்டில் இல்லை.

5. நிக்கோடிமசு: பாதை வாராத ஊர்

இருப்புப்பாதையின் ஆற்றலைக் கான்சசு மாநிலம் கிரகாம் கவுண்டியில் உள்ள நிக்கோடிமசு தெளிவாகக் காட்டுகிறது. அடிமைமுறையிலிருந்து விடுதலை பெற்ற கறுப்பின மக்கள் தம் நிலத்தில் தாமே உழுது வாழும் நோக்குடன் 1877இல் அமைத்த ஊர் இது. கென்டக்கியிலிருந்து வந்த குழுவினர் கட்டடங்களைக் காணவில்லை. மரமற்ற புல்வெளியில் நிலத்தைத் தோண்டி அமைத்த குழிவீடுகளிலிருந்து எழுந்த புகையையே கண்டனர். சிலர் உடனே திரும்பிச் சென்றனர். தங்கியோர் முதல் குளிர்காலத்தைக் கடந்து, பத்தாண்டுக்குள் தேவாலயங்கள், பள்ளி, கடைகள், செய்தித்தாள்கள், வங்கி ஆகியவற்றைக் கொண்ட ஊரை உருவாக்கினர்.

1887இல் இருப்புப்பாதையை ஊருக்குக் கொணர்வதற்காகக் கடன்பத்திரம் வெளியிட ஊரார் வாக்களித்தனர். ஆயினும் 1888இல் யூனியன் பசிபிக் நிறுவனத்தின் பாதை சாலமன் ஆற்றின் தென்கரையில், ஊருக்குச் சில மைல் தொலைவில் சென்றது. அங்கு எழுந்த போக் என்னும் புதிய ஊருக்கு நிக்கோடிமசின் வணிகர்கள் பெயர்ந்தனர். அவ்வாண்டில் பெருவறட்சி இல்லை, நிலமும் மாறவில்லை, உழவரும் நீங்கவில்லை. பாதை விலகியதே ஊரின் வளர்ச்சியை நிறுத்தியது. எஞ்சிய குடும்பங்களை 1930களின் வறட்சி மேலும் குறைத்தது. 1953இல் அஞ்சலகம் மூடப்பட்டது.

எனினும் நிக்கோடிமசு முற்றும் பாழாகவில்லை. நாடெங்கும் பரவிய வழித்தோன்றல்கள் ஆண்டுதோறும் சூலை இறுதியில் அங்குக் கூடி விடுதலை விழாக் கொண்டாடுகின்றனர். 1996இல் அது தேசிய வரலாற்றுத் தலமாக அறிவிக்கப்பட்டது. மக்கள்தொகை அளவையால் மட்டும் ஓர் ஊரின் இருப்பை முடிவுசெய்ய இயலாது என்பதற்கு இவ்வூர் சான்று.

6. வறட்சியும் புழுதியும்

முதல் உலகப்போர்க் காலத்தில் கோதுமையின் விலை புசலுக்கு 2 டாலருக்கு மேல் உயர்ந்தது. அவ்விலையை நம்பித் தெற்குச் சமவெளியின் புல்வெளிகள் பேரளவில் உழப்பட்டன. போருக்குப்பின் விலை சரிந்தபோது, கடனை அடைக்க உழவர் மேலும் நிலத்தை உழுதனர். மண்ணைப் பிணைத்திருந்த புல்வேர்கள் அறுந்த நிலையில் 1931 முதல் மழை பொய்த்தது. 1935 ஏப்ரல் 14 அன்று வீசிய புழுதிப்புயல் பகலை இருளாக்கியது. அந்நாள் ‘கறுப்பு ஞாயிறு’ எனப்படுகிறது. அம்மாதமே மண்காப்புச் சட்டம் நிறைவேறியது. அப்பத்தாண்டில் சமவெளி மாநிலங்களிலிருந்து ஏறத்தாழ 25 இலட்சம் பேர் வெளியேறினர் என மதிப்பிடப்படுகிறது.

இப்புயல்களின் காரணம் பற்றி வரலாற்றாசிரியர்கள் மாறுபடுகின்றனர். டொனால்டு உவர்ஸ்டர் 1979இல் வெளியிட்ட நூலில், நிலத்தை முதலீடாக மட்டும் கருதிய பொருளாதாரப் பண்பாட்டின் விளைவு இது என வாதிட்டார். கான்சசு வரலாற்றாசிரியர் ஜேம்சு மாலின், ஏர் தொடாத 19ஆம் நூற்றாண்டுச் சமவெளியிலும் புழுதிப்புயல்கள் வீசியமைக்குச் செய்தித்தாள் சான்றுகளைத் தொகுத்தார். இரண்டும் ஒன்றையொன்று முற்றிலும் மறுப்பன அல்ல. காற்றும் வறட்சியும் நிலத்தின் இயல்பு. அவை பேரழிவாக மாறியது உழவின் அளவால்.

இக்காலம் பற்றிய பொதுக்கருத்தில் ஒரு திருத்தமும் தேவை. ஜான் ஸ்டைன்பெக்கின் ‘சினத்தின் கனிகள்’ புதினத்தில் ஊர் நீங்கும் குடும்பம் கிழக்கு ஓக்லகோமாவின் சாலிசா பகுதியைச் சேர்ந்தது. புழுதிப்புயலின் நடுவம் அங்கிருந்து மிகத் தொலைவில், மாநிலத்தின் மேற்கு முனையில் இருந்தது. கிழக்குப் பகுதியின் வாரக்குடியானவர்களை வெளியேற்றியவை பருத்தி விலைவீழ்ச்சி, பயிர்ப்பரப்புக் குறைப்புத் திட்டம், டிராக்டர் ஆகியவையே. இருவேறு வெளியேற்றங்கள் ஒரே புழுதியில் கலந்து நினைக்கப்படுகின்றன.

கனடாவில் அழிவு இன்னும் முன்பே தொடங்கியது. தென்கிழக்கு ஆல்பர்ட்டாவில் 1917 முதல் தொடர்ந்த வறட்சியால் 1920களிலேயே ஊர்கள் வெறுமையாயின. கார்ல்ஸ்டாட் எனத் தொடங்கிப் போர்க்காலத்தில் ஆல்டர்சன் எனப் பெயர் மாறிய ஊர் அவற்றுள் ஒன்று. இன்று அங்கு ஊர் இல்லை. 1938இல் ஆல்பர்ட்டா அரசு இப்பகுதியைச் ‘சிறப்புப் பகுதிகள்’ எனப் பிரித்து, கைவிடப்பட்ட நிலத்தைப் பொதுமேய்ச்சலுக்கு மாற்றியது. அமெரிக்க அரசும் 1930களில் விளைச்சல் குன்றிய நிலங்களை விலைக்கு வாங்கிப் புல் விதைத்தது; அவற்றின் ஒரு பகுதி 1960இல் தேசியப் புல்வெளிகளாயின. பவல் 1878இல் கூறியதை அரசுகள் அறுபதாண்டு கழித்து, மக்கள் இழப்புக்குப்பின் செயற்படுத்தின எனலாம்.

7. இயந்திரமும் சாலையும்

வறட்சி நீங்கி 1940களில் மழையும் விலையும் மீண்டன. ஊர்கள் மீளவில்லை. இதுவே வறட்சியை முதற்காரணமாகக் கொள்ள இயலாமைக்கு வலுவான சான்று.

சசுகாச்சுவான் மாகாணத்தின் புள்ளிவிவரம் நோக்கத்தக்கது. அங்குப் பண்ணைகளின் எண்ணிக்கை 1936இல் 1,42,391 ஆக இருந்தது; 2021இல் அது 34,128. அதே காலத்தில் சராசரிப் பண்ணையின் பரப்பு ஏறத்தாழ 400 ஏக்கரிலிருந்து 1,700 ஏக்கருக்கு மேல் உயர்ந்தது. மாகாணத்தின் மொத்த மக்கள்தொகையோ 1931இல் 9,21,785, 2021இல் 11,32,505. மாகாணம் மக்களை இழக்கவில்லை, நாட்டுப்புறம் இழந்தது. மக்கள் சாசுகாட்டூன், ரெஜைனா ஆகிய நகரங்களில் திரண்டனர். அமெரிக்காவிலும் 1935இல் 68 இலட்சமாக இருந்த பண்ணைகள் 2022இல் 19 இலட்சமாகக் குறைந்தன.

டிராக்டரும் கூட்டு அறுவடை இயந்திரமும் ஒரு குடும்பம் பயிரிடத்தக்க பரப்பைப் பன்மடங்காக்கின. இயந்திரத்தின் கடனை அடைக்க அதிக நிலம் தேவைப்பட்டது. அண்டை உழவரின் நிலமே அதற்கு வழி. நான்கு குடும்பங்கள் இருந்த இடத்தில் ஒன்று எஞ்சியது. கடைக்கும் பள்ளிக்கும் தேவாலயத்துக்கும் வந்தோர் எண்ணிக்கை நான்கில் ஒன்றாயிற்று.

மற்றொருபுறம் மகிழுந்தும் சரக்குந்தும் தொலைவைச் சுருக்கின. பத்து மைலுக்கு ஓர் ஊர் என்னும் கணக்குக் குதிரையோடு முடிந்தது. நாற்பது மைல் தொலைவிலுள்ள பெரிய ஊரின் கடையில் பொருள் மலிவாகவும் வகைவகையாகவும் கிடைத்தபோது உள்ளூர்க் கடை நிலைக்கவில்லை. கனடாவின் மேற்கு மாகாணங்களில் 1933இல் 5,700க்கு மேற்பட்டிருந்த தானியக் கிடங்குகள் இன்று சில நூறுகளே. 1897ஆம் ஆண்டு உடன்படிக்கையில் தோன்றிய சலுகைத் தானியக் கட்டண முறை 1995இல் முடிவுக்கு வந்தது. கிளைப்பாதைகள் பல பெயர்த்தெடுக்கப்பட்டன. மரக்கிடங்குகளின் இடத்தைச் சில பெரிய கற்காரைக் கிடங்குகள் கொண்டன. ஊர்களை ஈன்ற இருப்புப்பாதையே அவற்றைக் கைவிட்டது.

8. ஊர் பாழ்படும் வரிசை

சமவெளி ஊர் ஒருநாளில் பாழாவதில்லை. அதன் உறுப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக நீங்குகின்றன. பயணியர் வண்டி நின்றுபோகிறது, வங்கி மூடப்படுகிறது, உயர்நிலைப் பள்ளி அண்டையூர்ப் பள்ளியோடு இணைக்கப்படுகிறது. இவற்றுள் பள்ளி மூடப்படுதலே திருப்புமுனை. குழந்தைகள் உள்ள குடும்பங்கள் அதன்பின் அங்குக் குடியேறுவதில்லை. அஞ்சலகம் மூடப்படுவது ஊர்ப்பெயர் முகவரியிலிருந்து மறைவதைக் குறிக்கிறது. கிடங்கு இடிக்கப்படும்போது தொலைவிலிருந்து ஊரை அடையாளங்காட்டிய ஒரே உயர்கட்டடம் நீங்குகிறது. இடுகாடு மட்டும் இறுதிவரை பேணப்படுகிறது. பிற ஊர்களில் வாழ்வோர் அங்கு வந்து புல் வெட்டிச் செல்கின்றனர்.

நெப்ராசுகாவின் மோனோவி இவ்வரிசையின் இறுதிப்படியில் உள்ளது. 1930களில் ஏறத்தாழ 150 பேர் வாழ்ந்த அவ்வூரில் 2000ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இருவரும், 2010இல் ஒருவரும் இருந்தனர். 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு இருவர் எனக் காட்டியது. உண்மையில் மக்கள் கூடவில்லை. தனியர் அடையாளம் வெளிப்படாதிருக்கச் சிற்றூர் எண்களில் வேண்டுமென்றே சிறு பிறழ்வு சேர்க்கும் புதிய முறையின் விளைவு அது. மிகச் சிறிய குடியிருப்புகளைப் புள்ளிவிவரத்தால் மட்டும் ஆராய்வோர் கருத்திற்கொள்ளவேண்டிய செய்தி இது.

கட்டடங்கள் மறைந்த பின்னும் சில தடயங்கள் எஞ்சுகின்றன. காற்றைத் தடுக்க வரிசையாக நடப்பட்ட கரகானா வேலி, வாசலில் வைத்த லைலாக் செடி, நிலவறைக் குழி, கிணற்றுமேடு ஆகியவை வீடு இருந்த இடத்தைக் காட்டுகின்றன. சசுகாச்சுவானின் இந்தியன் ஹெட் நாற்றங்கால் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் உழவர்களுக்குக் காற்றுத்தடுப்பு மரக்கன்றுகளை வழங்கிவந்தது. புல்வெளியில் இயற்கையாக வளராத மரங்கள் நேர்கோட்டில் நிற்குமாயின், அங்கு ஒரு குடும்பம் நிலைத்து வாழ எண்ணியிருந்தது என்பது பொருள்.

9. எதிர்காலம் பற்றிய விவாதம்

1987இல் ஃபிராங்க் பாப்பர், டெபோரா பாப்பர் ஆகியோர், சமவெளியின் மக்கள்குறைந்த பகுதிகளை வேலியற்ற புல்வெளியாக்கிக் காட்டெருமைகளை மீட்கும் ‘எருமைப் பொதுநிலம்’ என்னும் கருத்தை முன்வைத்தனர். ஃபிரெடெரிக் ஜாக்சன் டர்னர் 1893இல் எல்லைப்புறம் முடிவுற்றது என அறிவிக்கப் பயன்படுத்திய மக்களடர்த்தி அளவையைக் கொண்டே, பல கவுண்டிகள் மீண்டும் எல்லைப்புறமாகிவிட்டன என்பது அவர்தம் வாதம். அங்கு வாழ்வோர் இதனைக் கடுமையாக எதிர்த்தனர். தம் மூதாதையர் உழைப்பைப் பிழை எனக் கூறுவதாகவும், தொலைவிலிருப்போர் மீண்டும் ஒருமுறை வரைபடத்தில் தம் வாழ்வை முடிவுசெய்வதாகவும் அவர்கள் கருதினர்.

இவ்வெதிர்ப்பில் வரலாற்று உண்மை உண்டு. 160 ஏக்கர் சதுரத்தையும், அகரவரிசை ஊர்ப்பெயரையும், சலுகைக் கட்டணத்தையும், அதன் நீக்கத்தையும் முடிவுசெய்தோர் சமவெளியில் வாழ்ந்தோர் அல்லர். அதேவேளை, அந்நிலத்தை முதலில் இழந்த பழங்குடி மக்கள் இன்று தம் ஒதுக்கீட்டுப் பகுதிகளில் காட்டெருமை மந்தைகளை மீட்டு வளர்த்து வருகின்றனர். சமவெளி முழுவதும் வெறுமையாகிறது என்னும் கூற்றை இது மறுக்கிறது.

முடிவுரை

பெருஞ்சமவெளியின் பாழூர்கள் பற்றிய மேற்கண்ட விளக்கத்திலிருந்து பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன.

முதலாவது, மழைவளம் மிக்க நிலத்துக்கு வகுத்த பங்கீட்டளவை வறள்நிலத்துக்கும் பொருத்தியமையால், தாங்கத்தக்க அளவினும் மிகுந்த குடும்பங்கள் அங்குக் குடியமர்த்தப்பட்டன. இப்பிழை முன்னறிவிப்பு இல்லாமல் நேர்ந்ததன்று. பல்லிசரும் பவலும் கூறியவை அறிந்தே புறக்கணிக்கப்பட்டன.

இரண்டாவது, இருப்புப்பாதையும் குதிரைவண்டியும் வகுத்த ஊர்வரிசை, போக்குவரத்து மாறியவுடன் தேவைக்கு மிகுதியாயிற்று. நிக்கோடிமசு வறட்சியின்றியே நலிந்தது. சசுகாச்சுவான் ஊர்கள் மழை மீண்ட பின்னும் மறைந்தன.

மூன்றாவது, வேளாண்மையின் வெற்றியும் வேளாண் ஊரின் வீழ்ச்சியும் இங்கு ஒரே நிகழ்வின் இருபக்கங்கள். குறைந்த கைகளால் மிகுந்த விளைச்சல் என்னும் இலக்கு எட்டப்பட்டபோது, அக்கைகளைச் சார்ந்திருந்த பள்ளியும் கடையும் தேவாலயமும் நீங்கின. விளைச்சற் கணக்கில் இவ்விழப்பு எங்கும் பதிவாவதில்லை.

நான்காவது, எந்தப் பாழூர் நினைக்கப்படுகிறது, எது மறக்கப்படுகிறது என்பதும் வரலாற்றின் பகுதியே. சாய்ந்த மரக்கிடங்கின் ஒளிப்படம் பரவலாக அறியப்பட்ட அளவுக்கு, மண்டான் ஊர்களின் வட்டக்குழிகளும் நீருள் மூழ்கிய எல்புவுட்சும் அறியப்படவில்லை. இவற்றையும் ஒருசேர வைத்து நோக்கும்போதுதான் சமவெளிப் பாழூர்களின் வரலாறு முழுமை பெறும். கைவிடப்பட்ட ஊர் ஒன்றைக் காணும்போது மழை பொய்த்ததா என வினவுவதோடு நிற்காமல், அவ்வூரை அங்கு அமைத்தவர் யார், எத்தனை குடும்பங்களை எவ்வளவு நிலத்தில் அமர்த்தினர், அதன் பயனை யார் பெற்றனர் என்றும் வினவுதல் இத்துறை ஆய்வுக்கு இன்றியமையாதது.